ஆர்டித் மூடிய கேட்

மே மாதத்திலிருந்து ஆர்டித் வெசலின் டிராக்டர் கொட்டகையில் ஒரு தீயணைப்பு வண்டி நின்றது. டிராக்டர் வெளியே மழையில் நனைந்தது. வண்டி என்னவோ அரதப்பழசு. ராணுவம் வேண்டாமென்று கழித்ததை வாங்கிச் சிவப்புப் பூசியிருந்தார்கள். ஆனாலும் வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாப்பிள்ளையைப் போல அதைக் கவனிக்க வேண்டியிருந்தது. தினமும் காலையில் மாட்டுக்குத் தீனி போடுமுன் ஆர்டித் அதைக் கிளப்பிப் பார்ப்பாள், தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்ப்பாள், ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். அவள் புருஷன் டுவேன் சமையலறை ஜன்னலில் காபிக் கோப்பையோடு நின்று சிரிப்பான்.

"என்னை ஒரு நாளாவது இப்படித் தட்டிப் பார்த்திருக்கியா?"

"நீயும் கிளம்பாம நின்னா பார்க்கிறேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன பனிக்காலத்தில் அவன் நின்றுதான் போயிருந்தான். மாட்டுக் கொட்டடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவனை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, ஹாரோ டவுனிலிருந்து ஆம்புலன்ஸ் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தபோது பொழுதே சாய்ந்துவிட்டது. எப்படியோ பிழைத்தான். அடுத்த தடவை இவ்வளவு நேரம் தாங்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே இருவரும் பேசி முடிவு செய்தார்கள். அடுத்த பனி விழுவதற்குள் தாங்கள் இருக்கும் வடகோடிக்கு ஒரு தீயணைப்பு நிலையமும் ஆம்புலன்ஸும் வந்தால் இருப்பது, இல்லாவிட்டால் மாடுகளை விற்றுவிட்டு ஹாரோவில் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டைப் பார்த்துக்கொண்டு போய்விடுவது. டுவேன் சரி என்றான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. ஆனால் சாயங்காலமானால் வேலியோரம் போய் நின்று குன்றுகளையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆர்டித் பார்த்தும் பாராதது போல மாட்டுக் கொட்டடிக்குள் போய்விடுவாள்.

ஹாரோ தீயணைப்பு வட்டாரம் ஒரே நாளில் முளைத்ததல்ல. இந்த நெப்ராஸ்கா மணல்குன்றுகளில் புல்லை விட்டால் வேறொன்றும் கிடையாது. புல் காய்ந்தால் மின்னலுக்குக் கொண்டாட்டம். ஆர்டித் சிறுமியாக இருந்தபோது தீ என்றால் நனைத்த கோணிப்பையும் பால் கேனில் தண்ணீரும்தான். புகை எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கம் எல்லாரும் வண்டியை விடுவார்கள். பாதி நேரம் எரிந்து முடிந்த கரியைத்தான் போய்ப் பார்ப்பார்கள். ஒரு வருஷம் தீ, ஊரின் பள்ளிக்கூடத்து வேலி வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம்தான் கூடிப் பேசி வட்டாரம் என்று ஒன்றை உண்டாக்கி வரி போட்டுக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரன் தன் கையாலேயே தனக்கு வரி போட்டுக்கொண்டான் என்றால் எவ்வளவு பயந்திருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ராணுவ வண்டி வந்தது. பிறகு கம்பத்தில் சங்கு, தகரக் கொட்டகை, தண்ணீர் லாரி, ஆம்புலன்ஸ். மாடு மேய்க்கிறவர்களும் தபால் கொடுக்கிறவர்களும் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து முதலுதவி படித்தார்கள். ஆர்டித்தும் படித்தாள். இப்போது ஹாரோவில் மூன்று கதவு வைத்த கட்டடம் இருக்கிறது, சம்பளத்துக்கு முதல் ஆளாக மரிசோல் என்று ஒரு பெண்ணையும் நகரத்திலிருந்து அமர்த்தியிருக்கிறார்கள். எல்லாம் ஹாரோவில்தான். வடகோடிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது வரி ரசீது மட்டுமே.

வட்டாரக் குழுவின் தலைவன் மைலோ வாவ்ரா. ஆர்டித்தின் அடுத்த பண்ணைக்காரன், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். அவன் போட்ட கணக்கு இதுதான்:

"இந்தக் கோடை முழுக்கப் பழைய வண்டி உன் கொட்டகையில நிக்கட்டும் ஆர்டித். வடக்குல இருக்கிறவங்க கூப்பிட்டதும் வர்றீங்களா, ஹாரோ ஆளுங்களோட சேர்ந்து வேலை செய்யறீங்களான்னு பார்ப்போம். சரியா நடந்தா நிலையம், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. சொதப்புனா, இந்தப் பேச்சோட விட்டுடணும். சரியா?"

"சரி," என்றாள் ஆர்டித்.

ஜூனில் சாலையோரப் புல்லில் சின்னத் தீ, ஜூலையில் ஒருவன் குதிரையிலிருந்து விழுந்தது. இரண்டுக்கும் வடகோடி ஆட்கள் சிட்டாகப் போய் நின்றார்கள். மைலோவே வாயைக் கோணிக்கொண்டு "பரவால்ல" என்றான். அவன் வாயிலிருந்து அது வந்தால் மற்றவன் மாலை போட்ட மாதிரி.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், மழையில்லாத மின்னல் ரூத்தன் டிபெட்ஸின் புல் போர்களில் இறங்கியது. ரூத்தன் தனியாகப் பண்ணை நடத்துகிறவள். பனிக்காலம் முழுமைக்கும் அவள் மாடுகளுக்கு அந்தப் போர்கள்தான் சோறு. ரேடியோவில் செய்தி வந்ததும் ஆர்டித் வண்டியைக் கிளப்பினாள். சாலையோடு போனால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். மைலோவின் காளை மேய்ச்சலுக்குள் புகுந்தால் நேர் குறுக்கு வழி.

"மைலோவோட காளைக் காட்டு வழியாப் போறேன். தண்ணி லாரி என் பின்னாலயே வரட்டும்," என்று ரேடியோவில் சொன்னாள். "வர்றோம்," என்று மரிசோலின் குரல் பதில் சொன்னது.

சாலையை ஒட்டி மைலோவின் கேட். கேட் என்றால் இரும்புக் கதவு இல்லை. நாலு முள்கம்பியைக் குச்சிகளில் அடித்து, கடைசிக் குச்சியை இழுத்துக் கம்பத்து வளையத்தில் மாட்டுவது. மைலோவின் கேட்டை மாட்டுவதற்குத் தோள்பட்டையைக் கொடுத்து முட்டவேண்டும், அவ்வளவு விறைப்பாகக் கட்டி வைத்திருந்தான். ஆர்டித் இறங்கினாள், வளையத்தைக் கழற்றினாள், கேட்டை ஓரமாக இழுத்துப் போட்டாள், வண்டியை உள்ளே விட்டாள். புகை குன்றுக்கு மேலே கருப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. தள்ளிப் படுத்திருந்த மைலோவின் பொலிகாளைகள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தன.

அவள் மறுபடி இறங்கிப் போய், தோளைக் கொடுத்து முட்டி, கேட்டை மாட்டிவிட்டு வந்து வண்டியை விரட்டினாள்.

ஒரு யோசனையும் இல்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான். மூடியிருந்த கேட்டை மூடு, திறந்திருந்த கேட்டைத் திறந்தபடி விடு. நடக்கத் தெரிந்த நாளில் ஆர்டித்துக்கு அவள் அப்பா சொல்லிக்கொடுத்த முதல் சட்டம் அது. பெண்டாட்டிக்குத் துரோகம் செய்தவனை இந்தக் குன்றுகளில் ஒரு நாள் மன்னித்துவிடுவார்கள். கேட்டைத் திறந்து போட்டவனை மன்னிக்கவே மாட்டார்கள்.

ரூத்தனின் களத்தில் வடகோடி ஆட்கள் மண்வெட்டியும் ஈரக் கோணியுமாக முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். ஆர்டித் தன் தொட்டித் தண்ணீரை நெருப்பின் முன்வரிசையில் அடித்தாள். தீ அடங்குவது போல் இருந்தது. ஆனால் பழைய வண்டியின் தொட்டி எவ்வளவு தாங்கும்? தண்ணீர் விக்கி விக்கி வந்து நின்றது. எல்லாரும் திரும்பி மேற்குக் குன்றைப் பார்த்தார்கள். தண்ணீர் லாரி வரவில்லை. பள்ளத்தில் ரேடியோவும் எடுக்கவில்லை.

"எங்க ஆர்டித், பின்னாலயே வர்றாங்கன்னு சொன்னியே?" என்றாள் ரூத்தன். அவள் முகமெல்லாம் கரி.

"வரணும். வந்துடணும்."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த போர் பற்றிக்கொண்டது, அதற்கடுத்ததும். மாட்டுக் கொட்டகையை மட்டும் கோணியால் அடித்து அடித்துக் காப்பாற்றினார்கள். எல்லாம் ஓய்கிற நேரத்தில் லாரி கிழக்கிலிருந்து, பாலத்துப் பக்கமிருந்து வந்து நின்றது. மரிசோல் குதித்து இறங்கினாள். அழுகிற நிலையில் இருந்தாள்.

"நீங்க சொன்ன கேட்டைத் தேடிட்டே வந்தேன் மேடம். அங்க ஒண்ணு இருந்துச்சு, ஆனா மூடியிருந்துச்சு, இறுக்கமா. தீயணைக்கப் போற வண்டி எங்கயாவது நின்னு கேட்டை மூடிட்டுப் போகுமா? அதனால இது இல்ல, வேற எங்கயோ திறந்த கேட் இருக்கும்னு நினைச்சுத் தாண்டிப் போயிட்டேன்."

ஆர்டித் தன் கையுறைகளைப் பார்த்தாள். முள்கம்பித் துரு ஒட்டியிருந்தது. அப்போதுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது.

"இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் மூடினேன்," என்றாள் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

வீட்டுக்கு வந்து டுவேனிடம் சொன்னாள். அவன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மைலோவோட காளைங்க உள்ள இருந்துச்சா?" என்றான்.

"இருந்துச்சு."

"அப்ப மூடத்தானே வேணும்?"

"அதான் கோளாறே, டுவேன்," என்று சொல்லி அவள் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதாள். ரூத்தனின் புல்லுக்காக அழுதாள், இந்த வீட்டுக்காகவும் அழுதாள். டுவேன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினான். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் வீடு ஒன்றும் மோசமில்லை, காபிக் கடை பக்கம் என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. தீவனக் கடையில் கதவைத் திறந்து ஆர்டித் உள்ளே நுழைந்ததும், "கதவை மூடு ஆர்டித், நீதான் நல்லா மூடுவியே!" என்றான் ஒருவன். சிரித்துவைத்தாள். ஆனால் அவரவர் போர்களிலிருந்து ஆளுக்கொரு வண்டி புல் ரூத்தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மைலோவும் ஒரு வண்டி அனுப்பினான். போன வருஷத்துப் புல்தான், இருந்தாலும் அனுப்பினான்.

செப்டம்பரில் குழு கூடியது. ஹாரோ நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மாட்டிறைச்சிக் குழம்பும் பட்டை மணக்கிற சுருள் ரொட்டியும் ஒரு பக்கம் ஆவி பறந்தது. அது இல்லாமல் எங்கள் பக்கம் எந்தக் கூட்டமும் நடக்காது. ஆர்டித் தட்டைத் தொடவில்லை. டுவேன் அவளுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டான். டாக்டர் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கியிருப்பார்.

மரிசோல் எழுந்து நடந்ததை அப்படியே சொன்னாள். சிலர் சிரித்தார்கள். மைலோ சிரிக்கவில்லை.

"தீ எரியுது, தண்ணி லாரி உன் பின்னால வருதுன்னு உனக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு ஆர்டித் இறங்கிப் போய் மூடின?"

"உள்ள உன் காளைங்க இருந்துச்சு மைலோ."

ரூத்தன் பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"அவ திறந்து போட்டுட்டு வந்திருந்தா உன் காளைங்க சாலைக்குப் போயிருக்கும். நீ என்ன பண்ணியிருப்ப, சொல்லு பார்ப்போம். பூச்செண்டு குடுத்திருப்பியா?"

"அவளைக் கோர்ட்டுக்கு இழுத்திருப்பான்," என்றது ஒரு குரல்.

"கோர்ட்டு வரைக்கும் எதுக்கு, அவ வீட்டு வாசல்லயே நின்னு கத்தியிருப்பான்," என்றது இன்னொன்று.

மைலோ தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். பொய் சொன்னால் ஊரே எழுந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"அன்னைக்கு இவ இடத்துல இருந்திருந்தா நானும் மூடியிருப்பேன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க," என்றான்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் போல ஒவ்வொரு கையாக எழும்பியது. ரூத்தனும் தூக்கினாள், தன் புல் எரிந்துபோன ரூத்தன். கை தூக்காமல் நின்றது மரிசோல் மட்டும்தான். கடைசியில் மைலோ தன் கையையும் தூக்கினான்.

"அப்ப தப்பு இவளோடது மட்டும் இல்ல, நம்ம எல்லாரோடதும். அதுதான் இன்னும் மோசம்," என்றான். "நிலையம் வேணும்னா எல்லாரும் ஒண்ணுக்கு ஒத்துக்கணும். அவசரத்துக்குப் போற வண்டி எந்த கேட்டையும் மூடக் கூடாது. யார் மாடு வெளிய போனாலும் சரி, மறுநாள் எல்லாரும் போய்ப் பிடிச்சுப் பிரிச்சு விடணும். மாட்டுக்காரன் வாயே திறக்கக் கூடாது."

"உன் காளையா இருந்தாலுமா?"

"என் காளையா இருந்தாலும்தான்." பல் பிடுங்கிக்கொண்டவன் போல அதைச் சொன்னான்.

நிலையத்துக்கு வாக்கெடுத்தார்கள். குழுவில் பாதிப் பேர் வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். தலைவனின் கை மிச்சம் இருந்தது. மைலோ அதை உயர்த்தியபோது ஆர்டித் கண்ணை மூடிக்கொண்டாள். டுவேன் எழுந்து இன்னொரு சுருள் ரொட்டி எடுத்துக்கொண்டான்.

சாலை முக்கில் ஆர்டித்தும் டுவேனும் இடம் கொடுத்தார்கள். வேலை முடிந்த பொழுதுகளில் ஆளாளுக்கு வந்து தகரமும் மரமும் அடித்தார்கள். ஜல்லியை மைலோ தானே கொண்டுவந்து கொட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றான். முதல் பனிக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றது, கூடவே மரிசோலும் வடக்கே குடிவந்தாள். டிராக்டர் மறுபடி கொட்டகைக்குள் போனது.

ஆர்டித்துக்கு அந்தப் புதுச் சட்டம்தான் பெரும்பாடாக இருந்தது. தன் நிலத்துக் கேட்டையே வேண்டுமென்று திறந்து போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிப் பழகினாள். குன்றைத் தாண்டுவதற்குள் முதுகு அரிக்க ஆரம்பித்துவிடும். திரும்பி வந்து மூடிவிட்டுப் போவாள். மரிசோலுக்கோ நேர்மாறான பாடம். ஒருநாள் சும்மா வழிகேட்டு வந்தவள் மைலோவின் கேட்டைத் திறந்தபடி விட்டுவிட, அவன் போட்ட கூச்சலில் காக்கைகூடப் பறந்தது. அதிலிருந்து அந்தப் பெண் கண்ணில் படுகிற கேட்டையெல்லாம் மூடினாள். வேலி விழுந்து வெறுமனே நிற்கிற கேட்டைக்கூட மூடினாள். ஊர் அவளைத் தன் பெண்ணாக ஏற்றுக்கொண்டது.

அடுத்த வருஷம் அக்டோபரில் ஒரு நாள், மைலோவின் காளைக் காட்டில் இரண்டு பண்ணைக்கும் பொதுவாக நிற்கிற காற்றாலையைச் சரிபார்க்க டுவேனும் ஆர்டித்தும் போனார்கள். டுவேன் ஏணியில் ஏறக்கூட இல்லை. கீழே நின்று திருகு முடுக்கிக்கொண்டிருந்தவன், "ஆர்டித்," என்று மெதுவாகக் கூப்பிட்டுத் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

அவள் மாத்திரையை அவன் வாயில் போட்டு மென்று தின்னச் சொன்னாள், ரேடியோவில் கூப்பிட்டாள். அந்த மேட்டில் ரேடியோ நன்றாக எடுக்கும்.

"வந்துட்டே இருக்கேன்," என்றாள் மரிசோல். சொல்லி முடிக்குமுன் சங்கு கேட்டது.

மேட்டிலிருந்து சாலை முழுக்கத் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, மைலோவின் கேட்டருகே நின்றது. மரிசோல் இறங்கி வளையத்தைக் கழற்றி, கேட்டை இழுத்துப் போட, கூட வந்த நிலையத்துப் பையன் வண்டியை உள்ளே விட்டு அவளை ஏற்றிக்கொண்டான். பிறகு வண்டி மறுபடி நின்றது. கதவு திறந்தது. மரிசோல் இறங்கிக் கேட்டை நோக்கி ஓடினாள். கேட்டைத் தூக்கினாள், தோளைக் கொடுத்து முட்டினாள். பாழாய்ப்போன வளையம் மாட்டவில்லை. மறுபடி முட்டினாள்.

ஆர்டித்தின் தொடையில் டுவேனின் தலை கனத்தது. அவள் தன் ஆயுளில் அப்படிக் கத்தியதில்லை.

"விடு! மரிசோல், கேட்டை விடு! திறந்தே கெடக்கட்டும், விட்டுட்டு வா!"

மரிசோலின் தோளில் மாட்டியிருந்த ரேடியோ அலறியிருக்க வேண்டும். அவள் திடுக்கிட்டுக் கேட்டைக் கீழே போட்டாள், வண்டிக்கு ஓடினாள். ஆம்புலன்ஸ் புல்லில் குலுங்கிக்கொண்டு மேடேறி வந்தது. பின்னால் காளைகள் ஒவ்வொன்றாக எழுந்து, திறந்த வழியை நிதானமாக யோசித்துப் பார்த்தன.

மரிசோலின் கைகள் வேகமாக வேலை செய்தன. மூக்கில் ஆக்சிஜன் குழாய், நெஞ்சில் கம்பிகள், கையில் ஊசி. திரையில் கோடு ஏறி இறங்கியது. "நேரத்துக்கு வந்துட்டோம் மேடம், நேரத்துக்கு வந்துட்டோம்," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். டுவேனை ஏற்றிப் போக ஹாரோ மைதானத்துக்கு ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். நிலையத்துப் பையன் வண்டியை ஓட்ட, ஆர்டித் உள்ளே டுவேனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கேட்டை நெருங்கியதும் வண்டி மெதுவானது. டுவேன் கண்ணைத் திறந்தான்.

"ஏன் நிக்குது? கேட் மூடியிருக்கா?"

ஆர்டித் எம்பி முன்கண்ணாடி வழியே பார்த்தாள். காளைகள் சாலையெங்கும் பரவி நின்றன. இரண்டு ஏற்கெனவே வேலி தாண்டி அடுத்தவன் மாடுகளிடம் போய்விட்டிருந்தன. கீழே விட்ட கேட்டைக் காற்று இழுத்து வந்து பாதையில் போடாதபடி, முள்கம்பியைச் சேர்த்து அணைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான், சங்கு கேட்டு ஓடிவந்திருந்த மைலோ வாவ்ரா. சட்டை கிழிந்திருந்தது. ஒரு காளை அவனை உரசிக்கொண்டு வெளியே போனது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "போ, போ, போ!" என்று ஆம்புலன்ஸைப் பார்த்துக் கையசைத்தான்.

"திறந்துதான் இருக்கு டுவேன்."

"மைலோ பார்த்தா கொன்னுடுவான்."

"அவன்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்," என்றாள் ஆர்டித்.